பிள்ளைக்கு எந்த மட்டை? பிளாஸ்டிக், பாப்லர், காஷ்மீர் வில்லோ, இங்கிலீஷ் வில்லோ

பள்ளி வயதுப் பிள்ளைக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கப் புறப்படும் சென்னைப் பெற்றோர், கடையில் பெரும்பாலும் நான்கு வகைகளைக் காண்கின்றனர்: அச்சில் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் மட்டை, பாப்லர் மரத்தால் ஆன மலிவு விலை மட்டை, காஷ்மீர் வில்லோ மட்டை, இங்கிலீஷ் வில்லோ மட்டை. விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல்லாயிரம் வரை செல்வதால், கூடுதல் விலை கொடுத்தால் கூடுதல் ஆட்டம் கிடைக்கும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. வளரும் பிள்ளையைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெரும்பாலும் தவறானது. எந்தப் பந்தில் ஆட்டம், ஆடும் பிள்ளையின் உயரமும் மணிக்கட்டின் வலுவும் எவ்வளவு என்ற இரண்டுமே மட்டையைத் தீர்மானிக்க வேண்டியவை.

உலோக மட்டை இந்தப் பட்டியலில் இடம்பெறாததற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் 1970களிலிருந்து அலுமினிய மட்டை பரவியது. உள்ளீடற்ற உலோகச் சுவர், பந்து படும்போது சற்றே உள்வாங்கி மீண்டு பந்தை உந்தித் தள்ளுவதால், மரத்தைவிட அதில் பந்து வேகமாகப் பறந்தது. எதிரே நிற்கும் சிறுவர்களுக்கு அது ஆபத்து என்ற அச்சமும் வளர்ந்தது. 2007இல் நியூயார்க் நகரம் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் மர மட்டையைக் கட்டாயமாக்கியது. 2018 முதல் அந்நாட்டின் சிறுவர் பேஸ்பாலில், உலோக மட்டையும் மரத்தைப் போலவே செயல்பட வேண்டும் என்னும் புதிய தரவிதி நடைமுறைக்கு வந்தது. கிரிக்கெட்டிலோ இந்தச் சிக்கல் வளரும் முன்பே தீர்க்கப்பட்டுவிட்டது. 1979 டிசம்பரில் பெர்த் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் களமிறங்க, பந்தின் வடிவம் கெடுகிறது என்று இங்கிலாந்து அணித் தலைவர் மைக் பிரியர்லி முறையிட, ஆட்டம் சிறிது நேரம் தடைபட்டது. 1980ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு, பந்தை அடிக்கும் பகுதி மரத்தால் ஆனதாகவே இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதே லில்லிதான் 1987 முதல் கால் நூற்றாண்டுக் காலம் சென்னையின் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தை வழிநடத்தினார் என்பது இந்நகரத்து வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

அடுத்து, பந்து. மயிலாப்பூரின் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும், தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஒரே நேரத்தில் நடக்கும் பல ஆட்டங்களிலும், பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் பிள்ளைகள் பெரும்பாலும் டென்னிஸ் பந்தில்தான் ஆடுகின்றனர். அதன் எடை 56 முதல் 59.4 கிராம் வரை. தோல் பந்தோ ஆடவர் ஆட்டத்தில் ஏறத்தாழ 156 முதல் 163 கிராமும், மகளிர் ஆட்டத்தில் 140 முதல் 151 கிராமும், பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் 133 முதல் 144 கிராமும் உடையது. டென்னிஸ் பந்து மட்டையின் மீது தானே அமுங்கி எழும்புவதால், மரத்தின் நுண்ணிய தரவேறுபாடு அதில் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. ஆகவே டென்னிஸ் பந்துக்கு இங்கிலீஷ் வில்லோ வாங்குவது வீண் செலவு. கார்க் பந்தின் நிலை இதற்கு நேர்மாறானது: அது தோல் உறையின்றி மிகக் கடினமாக இருப்பதால், மென்மையான வில்லோவின் முகப்பைப் பிளந்துவிடக்கூடியது. தெருவில் கார்க் பந்து ஆடும் பிள்ளையின் கையில் விலையுயர்ந்த மட்டையைக் கொடுக்கவே கூடாது.

பிளாஸ்டிக் மட்டை மழையில் நனைந்தாலும் கெடாது, உடைவதும் அரிது. ஆறேழு வயதுக் குழந்தைக்கு அது போதும். பாப்லர் மட்டை கடைகளில் ‘பாப்புலர் வில்லோ’ என்ற பெயரில் விற்கப்பட்டாலும் வில்லோ அன்று. டென்னிஸ் பந்துக்கு ஏற்றது, தோல் பந்தைத் தாங்காது.

உண்மையான தேர்வு இரண்டு வில்லோக்களுக்கு இடையில்தான் எழுகிறது. இரண்டும் வெள்ளை வில்லோ இனத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் எசெக்ஸ், சஃபோக் பகுதிகளில் மட்டைக்கெனவே வளர்க்கப்படும் இம்மரம், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் காஷ்மீருக்குக் கொண்டுவரப்பட்டது. மண்ணும் தட்பவெப்பமும் வேறானதால், காஷ்மீரில் விளையும் கட்டை பொதுவாகச் செறிவும் எடையும் மிகுந்து, பழுப்பு நிறம் கொண்டு, இழைகள் தெளிவின்றி அமைகிறது. இழை என்பது மட்டையின் முகப்பில் மேலிருந்து கீழாக ஓடும் கோடு; மரத்தின் ஓராண்டு வளர்ச்சியை ஓர் இழை குறிக்கும். இங்கிலீஷ் வில்லோவின் நார் மென்மையானது. உருளையால் அழுத்தி முகப்பைக் கெட்டிப்படுத்திய பின்னும் உள்ளே இளக்கம் எஞ்சுவதால், பந்து பட்டதும் விசை அதிகம் குறையாமல் திரும்புகிறது, கையில் அதிர்வும் குறைவாகத் தெரிகிறது. காஷ்மீர் மட்டையில் இந்தத் துள்ளல் சற்றுக் குறைவு. ஆயினும் இரண்டுக்கும் இடையில் கடக்க முடியாத சுவர் ஏதும் இல்லை. 2021 இருபது ஓவர் உலகக் கோப்பையில் ஓமன் வீரர்கள் சிலர் காஷ்மீர் வில்லோ மட்டையுடனேயே ஆடினர். பயிற்சியில் நூற்றுக்கணக்கான பந்துகளை எதிர்கொள்ளும் பிள்ளைக்குக் காஷ்மீர் மரத்தின் கடினம் ஒரு நன்மையாகவே அமைகிறது: தவறான இடத்தில் பட்ட பந்துகளையும், பாய் விரித்த களத்தில் மட்டையின் அடிநுனி மீண்டும் மீண்டும் தட்டப்படுவதையும் அது பெரிதும் பொறுத்துக்கொள்கிறது.

இங்கிலீஷ் வில்லோவை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது பெரும்பாலும் தோற்றத்தை வைத்தே செய்யப்படுகிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். நேரான, சீரான இழைகளும் மாசற்ற வெண்மையும் விலையை உயர்த்துகின்றன. ஒரு பழுப்புக் கறையோ சிறு கணுவோ இருப்பதால் விலை இறங்கிய மட்டை, ஆட்டத்தில் விலை உயர்ந்ததற்குச் சற்றும் குறையாமல் இருக்கக்கூடும். புகழ்பெற்ற வீரரின் மட்டையில் காணும் ஒட்டுச்சீட்டும் விளம்பர ஒப்பந்தத்தையே காட்டும். மரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இவை அனைத்தையும்விட முக்கியமானது எடையும் அளவும். இங்கேதான் மிகப் பெரிய தவறு நிகழ்கிறது. பிள்ளை வேகமாக வளர்கிறது, இரண்டு ஆண்டுகளாவது பயன்படட்டும் என்று கருதி ஓர் அளவு பெரிய மட்டையை வாங்குவது, பள்ளிச் சீருடை வாங்கும் வழக்கத்தை விளையாட்டுக்குக் கொண்டுவருவதாகும். சீருடையின் தளர்வு உடலைக் கெடுப்பதில்லை. நீண்டு கனத்த மட்டையோ ஆட்டத்தின் அடிப்படையையே கெடுக்கிறது. பின்னோக்கி உயர்த்திய மட்டை நேராக இறங்காமல் வளைந்து வருகிறது, கைப்பிடியின் மேற்பகுதியைப் பிடிக்கும் மேல்கைக்குப் பதிலாகக் கீழ்க்கை வலிந்து செயல்படுகிறது, எழும்பி வரும் பந்துக்கு மட்டை நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. பன்னிரண்டு வயதில் படியும் இந்தப் பழக்கங்களைப் பதினாறு வயதில் எந்தப் பயிற்சியாளராலும் எளிதில் மாற்ற இயலாது. சிறுவர் மட்டைகள் 1 முதல் 6 வரையும், அதற்கு மேல் ‘ஹாரோ’ எனப்படும் இடைநிலை அளவிலும், அதையடுத்து முழு அளவிலும் கிடைக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் உயரக் கணக்குச் சற்று மாறுவதால், பிள்ளையையே கடைக்கு அழைத்துச் செல்வது நல்லது. ஆடும் நிலையில் காலருகே மட்டையை ஊன்றும்போது உடல் நிமிரவோ கூனவோ நேராமல் கை இயல்பாகக் கைப்பிடியைச் சேர வேண்டும். மேல்கையால் மட்டும் பிடித்து மட்டையைப் பலமுறை உயர்த்தி இறக்கும்போது மணிக்கட்டு தளரக் கூடாது. தராசு காட்டும் எடையும் கை உணரும் எடையும் வேறு: கனம் அடிநுனியில் குவிந்த மட்டை, அதே எடையுள்ள மற்றொன்றைவிடக் கனமாகத் தோன்றும். அந்த உணர்வையே நம்ப வேண்டும்.

பராமரிப்பு எந்த வில்லோவுக்கும் தேவை. புதிய மட்டையின் முகப்பிலும் விளிம்பிலும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவி ஊறவிட்டு, மரச் சுத்தியலால் பல மணி நேரம் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்திய பிறகே தோல் பந்தை எதிர்கொள்ள வேண்டும். கடையில் பதப்படுத்தித் தந்தாலும் முதலில் பழைய பந்தில் ஆடுவதே பாதுகாப்பு. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் ஈரத் தரையில் ஊன்றப்படும் அடிநுனி நீரை உறிஞ்சி வீங்கிப் பிளக்கிறது. கோடையில் மூடிய காருக்குள் கிடக்கும் மட்டை வறண்டு வெடிக்கிறது. அடிநுனிக்கு ரப்பர் காப்பு ஒட்டுவதும், ஈரம்பட்ட மட்டையை நிழலில் உலர்த்துவதும் மிகச் சிறு செலவில் பல மாத ஆயுளைக் கூட்டும்.

பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகளுக்குச் செல்லும் பெற்றோருக்கான முடிவு இதுதான்: டென்னிஸ் பந்துக்குப் பாப்லர், அகாடமியில் சேர்ந்து தோல் பந்தைத் தொடங்கும் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சரியான அளவில், எடை குறைந்த காஷ்மீர் வில்லோ, போட்டிகளில் தொடர்ந்து ஆடி, முழு அளவு மட்டைக்கு உயரம் எட்டிய பிறகே இங்கிலீஷ் வில்லோ. அதுவரை மிச்சமாகும் பணத்தை நல்ல தலைக்கவசத்துக்கும் கால் காப்புக்கும் முதலில் செலவிட வேண்டும்.