அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மேல்நாட்டுக் கல்வி என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற இரண்டொரு பெயர்களே. அமெரிக்காவிலோ பட்டம் வழங்கும் கல்வி நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் நமக்கு ஏற்றதைத் தெரிந்தெடுக்க நான்கு கேள்விகள் துணை செய்யும்.

1. அங்கீகாரம் உண்டா?

அங்கே பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் அளிப்பது அரசு அன்று. அரசின் ஏற்பைப் பெற்ற தனி அமைப்புகளே அப்பணியைச் செய்கின்றன. விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தை ஒரு நிறுவனம் தருவதாலேயே அதன் பட்டம் மதிப்புடையதாகிவிடாது. கலிபோர்னியாவில் ட்ரை-வேலி என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் 2011-இல் மூடப்பட்டபோது, அதில் சேர்ந்திருந்த இந்திய மாணவர் பலர் நடுத்தெருவில் நின்றனர். சிலர் காலில் கண்காணிப்புக் கருவியும் பூட்டப்பட்டது. ஆழம் தெரியாமல் காலை விடலாகாது.

2. நம் பட்டத்தை ஏற்பார்களா?

அங்கே இளநிலைப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள், நமது பி.எஸ்ஸி. மூன்று ஆண்டுகள். இதைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன; சில, பதினாறு ஆண்டுக் கல்வி வேண்டும் என்கின்றன. ஆகவே விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன் கேட்டறிவது நலம். எம்.எஸ்ஸி. முடித்துச் செல்வோருக்கு இத்தடை பெரும்பாலும் எழுவதில்லை.

3. செலவு யாருடையது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்களுக்கு உள்ளது ஒன்றேகால் ஏக்கர் நிலம். அதை அடகு வைத்துக் கடல் கடக்க எனக்கு மனமில்லை. என் போன்றோர் கருத வேண்டியது இது: முதுநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் நம் கைப்பணமே செலவாகும். அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்வோருக்கோ, வகுப்பு நடத்துதல் அல்லது ஆய்வுப் பணிக்கு ஈடாகக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைப்பது வழக்கம். அவ்வுதவி எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைக் கடிதத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பல பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையுடன் இடம் பெற்றவர் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை காலம் தருகின்றன. அதற்குமுன் அவசரப்படத் தேவையில்லை.

4. துறை எப்படி?

பல்கலைக்கழகத்தின் புகழ் வேறு. துறையின் தரம் வேறு. உழவர், தொழிலாளர் மக்களும் உயர்கல்வி பெற வேண்டும் என்னும் நோக்கத்துடன், 1862-இல் லிங்கன் காலத்து மோரில் சட்டம் கல்லூரிகளுக்கென மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. அவ்வழியே வளர்ந்தவற்றுள் ஒன்று இண்டியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகம். நிலவில் முதலில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் விமானப் பொறியியல் பயின்றது அங்கேதான். அத்தகைய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பல, சிற்றூர்களில் அமைந்தும் சிறந்த ஆய்வுக்கூடங்களைக் கொண்டுள்ளன.

நண்பர்களே! இதற்கெல்லாம் இறுதியாண்டு வரை காத்திருக்க வேண்டா. நம் பாடத்தில் விருப்பமான ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் அண்மையில் ஆய்வு செய்துள்ள பேராசிரியர் ஐவரின் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம். அவர்கள் பணிபுரியும் இடங்களே நமது முதல் பட்டியல். அதன்பின் மேற்கண்ட கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வடிகட்டினால், எஞ்சி நிற்பது நமக்குரிய பல்கலைக்கழகம்.