குற்றவாளி வன்தட்டா, வடமா?

நம்மில் பலருக்கு மடிக்கணினி புதுப்பெட்டியில் வந்து சேர்வதில்லை. அண்ணன் வேலைக்குப் போனதும் விட்டுச் சென்றது, சித்தி மகள் புதியது வாங்கியதும் கொடுத்தது என்று கைமாறி வருவதே அதிகம். அப்படி வந்த கணினி ஒருநாள் காலையில் திறக்க மறுத்தால், பார்ப்பவர் எல்லாரும் சொல்லும் முதல் வார்த்தை "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்பதுதான். பல வேளைகளில் அது உண்மை. சில வேளைகளில் உண்மையன்று. அந்தச் சில வேளைகளைப் பற்றியதே இக்கட்டுரை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இறுதியாண்டில் பயின்ற தங்கை ஒருவர் 2012ஆம் ஆண்டு மாதிரியான 13 அங்குல மேக்புக் புரோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். தோட்டப்புறத் தாலாட்டுப் பாடல்கள் அவருடைய ஆய்வேட்டுத் தலைப்பு. பதினொரு பாட்டிமாரைத் தேடிப்போய்ப் பதிவு செய்த குரல்கள் அத்தனையும் அந்தக் கணினியில்தான் இருந்தன. கைப்பேசியில் இடம் போதாமல் அங்கிருந்தவற்றை அழித்துவிட்டார். பதினொருவரில் ஒரு பாட்டி அதற்குள் காலமாகியும் விட்டார்.

"அக்கா, கடையில டிஸ்க் செத்துப் போச்சுன்னு சொல்லிட்டாங்க. புதுசு போட 280 வெள்ளியாம். உள்ள இருக்கிறத எடுக்கணும்னா வேற இடத்துக்கு அனுப்பணும், 1,500 வெள்ளிக்கு மேல ஆகுமாம்."

கணினியை முடுக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத் திரையில் கேள்விக்குறி போட்ட கோப்புறை ஒன்று மின்னி மின்னி மறைந்தது. இயங்குதளத்தைக் காணோம் என்பது அதன் பொருள். மூன்று நான்கு முறை அணைத்துப் போட்டதில் ஒருமுறை திறந்தது. திறந்ததும் வண்ணச் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்ததே தவிர எதுவும் நகரவில்லை. கடைக்காரர் கண்டதும் இதைத்தான் இருக்க வேண்டும். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஒரு படி முன்னதாக நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

அந்த ஒரு படி என்ன? வன்தட்டைக் கழற்றி வேறு வழியாகப் படிக்க முயல்வது. வன்தட்டை உள்ளே வைத்து யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் கேசிங் ஒன்று முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதில் போட்டு, அதே மேக்கில் செருகி, ஆப்ஷன் விசையை அழுத்தியபடி முடுக்கினேன். வன்தட்டின் பெயர் திரையில் வந்தது. தேர்ந்தெடுத்ததும் கணினி மெதுவாக, ஆனால் ஒழுங்காகத் திறந்தது. அதே தட்டு, அதே கணினி. இடையில் மாறியது வழி ஒன்றுதான். உள்ளிருக்கும் வடத்தைச் சுற்றிக்கொண்டு போனபோது எல்லாம் சரியாக இருந்தது என்றால், பழுது பெரும்பாலும் வடத்தில்தான்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு வடம் வாங்க ஓடக் கூடாது. தட்டு படிக்கப்படும் நிலையில் இருக்கும்போதே கோப்புகளை வேறொன்றில் படியெடுத்துவிட வேண்டும். நாங்கள் அன்றிரவு முதலில் செய்தது அதுதான். பதினோராவது கோப்பு ஏறி முடியும்வரை அந்தத் தங்கை நாற்காலியை விட்டு எழவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. மேக்கில் பயன்படுத்திய தட்டை விண்டோஸ் கணினியில் செருகினால், "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று அது கேட்கும். தட்டு கெட்டதால் கேட்பதில்லை. மேக்கின் கோப்பு முறையை விண்டோஸ் அறியாததால் கேட்கிறது. வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். கை தவறி ஒப்புக்கொண்டால், வடத்தால் போகாத தரவு விரலால் போய்விடும். தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று தட்டும் ஓசை கேட்டாலோ, இந்தச் சோதனை எதையும் செய்யாமல் உடனே அணைத்துவிட வேண்டும். அது உண்மையிலேயே தட்டின் நோய். தரவு மீட்பு வல்லுநரிடம் போக வேண்டியது.

வடம் ஏன் கெடுகிறது?

2003 முதல் கணினிகளில் பரவிய சாட்டா என்னும் இணைப்பு முறையில், வன்தட்டின் முனையில் தரவுக்கு 7 தொடுமுனைகளும் மின்சாரத்துக்கு 15 தொடுமுனைகளும் உள்ளன. அந்த ஏழில் நான்கு மட்டுமே தரவைச் சுமக்கின்றன: போக ஓர் இணை, வர ஓர் இணை. மற்ற மூன்றும் நிலமுனைகள். இவற்றின் வழியே, 2009இல் வரையறுக்கப்பட்ட மூன்றாம் தலைமுறையில், ஒரு நொடிக்கு 6 கிகாபிட் வரை பாய்கிறது. மேசைக்கணினியில் இதற்குத் தடித்த கம்பிவடம் உண்டு. நம் மேக்கிலோ காகிதத்தைப் போல மெல்லிய நெகிழிப் பட்டையில் பதித்த செப்புக் கோடுகள்தாம். அந்தப் பட்டை தாய்ப்பலகையிலிருந்து கிளம்பி, அலுமினிய உடலின் மேல் ஒட்டியபடி ஓடி, முன்விளிம்பருகே வளைந்து வன்தட்டை அடைகிறது. கணினியைப் பையில் போட்டுச் சுமக்கும்போதும், ஒரு கையால் விளிம்பைப் பிடித்துத் தூக்கும்போதும் உடல் மிகச் சிறிதளவு நெளிகிறது. பட்டை சொரசொரப்பான உலோகத்தில் உராய்கிறது. ஆண்டுகள் ஓட ஓடச் செப்புக் கோடு பலவீனமடைகிறது.

முற்றிலும் அறுந்துவிட்டால் நோய் எளிதில் தெரிந்துவிடும். அரைகுறையாக இருப்பதே தொல்லை. சாட்டாவில் ஒவ்வொரு தரவுத் தொகுதியோடும் சரிபார்ப்பு எண் ஒன்று சேர்ந்து போகிறது. வந்து சேர்ந்தது ஒத்துப்போகாவிட்டால் மீண்டும் அனுப்பச் சொல்கிறது. பழுதான வடத்தில் இந்த 'மீண்டும், மீண்டும்' நடந்துகொண்டே இருப்பதால்தான் கணினி நத்தையாகிறது. பழைய சுழல்தட்டை எடுத்துவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. போட்டவர்கள் பலர், "புதியது போட்ட பிறகுதான் மோசமாகிவிட்டது" என்று குறைபட்டுக்கொள்வதும் இதனால்தான். குறைந்த வேகத்தில் தாக்குப்பிடித்த வடம் 6 கிகாபிட்டில் தடுமாறுகிறது. பழி புதிய தட்டின் மேல் விழுகிறது.

இதற்குச் சான்று தட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஸ்மார்ட் எனப்படும் தன்னறிக்கையைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் படிக்கலாம். கேசிங் வழியாகவும் பெரும்பாலும் படிக்க முடியும். அதில் 5, 197 ஆகிய எண்களின் கீழ் மதிப்பு ஏறியிருந்தால் தட்டின் பரப்பே கெடுகிறது என்று பொருள். அவை சுழியாக இருந்து, 199ஆம் எண் மட்டும் ஏறியிருந்தால் பிழை போக்குவரத்தில் நேர்ந்தது. தங்கையின் தட்டில் முதலிரண்டும் சுழி. 199இன் கீழ் 1,846. அந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். வடத்தை மாற்றினாலும் அது குறையாது. ஏறாமல் நின்றால் போதும்.

மாற்றும் முறை

வடம் வாங்கும்போது கணினியின் ஆண்டைச் சொன்னால் போதாது. பட்டையின் மேலே அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 2012 மாதிரிக்கு 821-1480-ஏ, அல்லது பின்னர் வந்த 821-2049-ஏ. 2011 மாதிரியின் 821-1226-ஏ பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். வாங்கி ஏமாற வேண்டாம். நாங்கள் 60 வெள்ளிக்கு வாங்கினோம். இந்த மாதிரி 2016 அக்டோபர் வரை விற்கப்பட்டதால் வடம் இன்னும் அரிதாகிவிடவில்லை.

கணினியை அணைத்து, மின்னேற்றியைப் பிடுங்கி, மெல்லிய துணியின் மேல் கவிழ்த்து வையுங்கள். அடிமூடியில் பத்துத் திருகாணிகள். ஏழு குட்டை, மூன்று நீளம். நட்சத்திர முனைத் திருப்புளியில் 00 அளவு வேண்டும். பெரியதை வைத்து அழுத்தினால் தலை மழுங்கிவிடும், பிறகு அழுதாலும் வராது. ஒரு தாளில் மூடியின் படத்தை வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவது என் பழக்கம். வேடிக்கையாகத் தோன்றும், மூடும்போது அருமை தெரியும்.

மூடி வந்ததும் முதல் வேலை, மின்கலத்தின் இணைப்பியைத் தாய்ப்பலகையிலிருந்து நெகிழித் துண்டால் நேர்மேலாக நெம்பிக் கழற்றுவது. உலோகக் கத்தி கூடாது. நம் நாட்டு ஈரக்காற்றில் நிலைமின் தொல்லை குறைவு என்றாலும், குளிர்சாதன அறையில் இருந்தால் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வன்தட்டைப் பிடித்திருக்கும் கறுப்புச் சட்டத்தில் இரண்டு திருகாணிகள். அவற்றைத் தளர்த்திச் சட்டத்தை எடுத்துவிட்டு, தட்டின் மேலுள்ள வாலைப் பிடித்து மெல்லத் தூக்கி, வடத்தின் முனையை நேராக இழுத்துக் கழற்றலாம். பிறகு தாய்ப்பலகையில் வடத்தின் மறுமுனை. அதையும் கீழிருந்து மேலாகவே நெம்ப வேண்டும். இணைப்பியை மட்டும் நெம்புங்கள், அது உட்கார்ந்திருக்கும் மேடையை அன்று. மேடை பெயர்ந்தால் 60 வெள்ளி வேலை தாய்ப்பலகை வேலையாகிவிடும். அதன்பின் வடத்தை உடலோடு பிணைக்கும் இரண்டு சிறு திருகாணிகளும், முன்விளிம்புச் சட்டத்தின் இரண்டு நீளத் திருகாணிகளும். அந்தச் சட்டத்தில்தான் தொலைக்கட்டுப்பாட்டு அகச்சிவப்பு உணரியும், உறங்கும்போது ஒளிரும் சிறுவிளக்கும் இருக்கின்றன. இரண்டும் வடத்தின் பகுதிகளே. புது வடம் சட்டமின்றி வந்தால், பழையதிலிருந்து சட்டத்தைப் பிரித்து மாட்டிக்கொள்ளலாம். இப்போது ஒட்டியிருக்கும் பட்டையை ஒரு முனையிலிருந்து பொறுமையாக உரித்தெடுங்கள்.

புதியதைப் பதிக்கும் முன் செய்ய வேண்டிய ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. பட்டை படியப்போகும் அலுமினியப் பரப்பில் மின்காப்பு நாடாவை ஒரே படலமாக, சுருக்கமின்றி ஒட்டிவிடுங்கள். உராய்வு இனி நாடாவோடு முடிந்துவிடும். வளைவுகளில் பட்டையை நகத்தால் அழுத்தி மடிக்கவே கூடாது. மடிப்பு விழுந்த இடத்தில் செப்பு உடையும். புது வடம் ஒரு மாதத்தில் பழைய வடமாகிவிடும். தானாக வளையும் அளவுக்கு விட்டுவிடுங்கள். பிறகு கழற்றிய வரிசைக்கு நேரெதிராகப் பூட்ட வேண்டியதுதான். மின்கல இணைப்பி கடைசி.

மற்ற நிறுவனங்களின் பழைய மடிக்கணினிகளிலும் இத்தகைய குட்டைப் பட்டை வடங்கள் உண்டு. சிலவற்றில் தாய்ப்பலகை முனையில் சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தூக்காமல் இழுத்தால் பட்டை கிழியும். வடமே இல்லாமல் தட்டு நேரே பலகையில் செருகப்படும் மாதிரிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இக்கட்டுரை பயன்படாது.

எல்லாம் பூட்டி முடுக்கியபோது இரவு மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கேள்விக்குறி வரவில்லை. சோதனைக்காக 40 கிகாபைட் அளவுள்ள கோப்புகளை உள்ளே ஏற்றி, திரும்ப வெளியே எடுத்தோம். 199ஆம் எண்ணைப் பார்த்தேன். 1,846 அப்படியே நின்றது. அந்தத் தங்கை காலமான பாட்டியின் பதிவைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு மூடினார். பிறகு கழற்றிப்போட்ட வடத்தை எடுத்து விளக்கொளியில் பிடித்து, எங்கே அறுந்திருக்கிறது என்று இருவரும் தேடினோம். கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியவில்லை.