புகார் சேருமிடம்: ரயில்வேயில் பதவிவழிப் பணி ஒதுக்கீடு

புனே நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள கோர்படி, பயணிகள் மிகுதியாக இறங்கும் நிலையமன்று. ஆயினும் புனேயிலிருந்து புறப்படும் தொலைதூர ரயில்களின் பெட்டிகள் பயணத்துக்கு முன் இங்குள்ள பராமரிப்பு நிலையத்துக்கே கொண்டுவரப்படுகின்றன. தண்டவாளங்களுக்கிடையே பள்ளம் அமைந்த பாதையில் அவற்றை நிறுத்தி, ஊழியர்கள் கீழே இறங்கிச் சக்கரங்களையும் பிரேக்குகளையும் சோதிக்கின்றனர். மேலே தண்ணீர்த் தொட்டி, கழிவறை, கதவு, விளக்கு, மின்விசிறி ஆகியவை பார்க்கப்படுகின்றன.

இவ்வேலைகள் யாவும் ஒரே பிரிவினருடையவை அல்ல. கதவுத் தாழ்ப்பாள் இயந்திரவியல் துறையைச் சேர்ந்தது. அதற்கு ஒரு முழ தூரத்தில் சுழலும் மின்விசிறி மின்துறையைச் சேர்ந்தது. ரயிலில் திருட்டு நடந்தால் பாதுகாப்புப் படையும், பயணச்சீட்டுத் தகராறு என்றால் வணிகத் துறையும் பொறுப்பு. பயணிக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய குறையை உரியவரிடம் கொண்டு சேர்ப்பது நிர்வாகத்தின் கடமையாகும்.

முன்பு இக்கடமையைப் பெரும்பாலும் காகிதமே செய்து வந்தது. ஸ்டேஷன் மாஸ்டரிடமோ கார்டிடமோ இருந்த புகார்ப் புத்தகத்தில் பயணி எழுதுவார். அது அலுவலகம் அலுவலகமாகச் சென்று, துறை முடிவு செய்யப்பட்டு, மேற்பார்வையாளரின் மேசையை அடையும்போது பெட்டி பல முறை ஓடித் திரும்பியிருக்கும். பதில் வரும், ஆனால் அன்றிரவு புழுக்கத்தில் அமர்ந்திருந்தவருக்கு அதனால் பயனில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்குடன் 2018 ஜூனில் ‘ரயில் மதத்’ என்னும் கைப்பேசிச் செயலி தொடங்கப்பட்டது. புகார் பதிவானதும் தனி எண் வழங்கி, தொடர்புடைய களப் பணியாளருக்கு அதனை உடனே அனுப்புவதே இதன் அடிப்படை. 2020இல் பல்வேறு உதவி எண்கள் 139 என்ற ஒரே எண்ணில் இணைக்கப்பட்டன. பாதுகாப்புக்கான 182 எண் 2021 ஏப்ரலில் அதனுடன் சேர்ந்தது. செயலியைப் பயன்படுத்தத் தெரியாதவர்களுக்கு இத்தொலைபேசி எண்ணே வாயில்.

பணி எவ்வாறு பிரிக்கப்பட வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். புனேயிலிருந்து ஜம்மு நோக்கிச் செல்லும் ஜீலம் எக்ஸ்பிரஸ், கண்டுவாவைக் கடந்து இடார்சியை நெருங்குகிறது என்று கொள்வோம். படுக்கைப் பெட்டி ஒன்றில் மின்விசிறிகள் நின்றுவிடுகின்றன. பயணி தரும் பத்து இலக்க முன்பதிவு எண்ணிலிருந்து ரயிலும் பெட்டியும் இருக்கையும் தெரிகின்றன. புகாரின் வகை, துறையைக் காட்டுகிறது. ரயில் அந்நேரம் நிற்கும் இடம், கோட்டத்தைக் காட்டுகிறது. இங்கு அது மேற்கு மத்திய ரயில்வேயின் போபால் கோட்டம். ஆகவே வேலை போபால் கோட்டத்தின் மின்பிரிவுக்குச் செல்ல வேண்டும், புனேக்கு அன்று. இந்த முடிவை எழுத்தர் ஒருவர் எடுக்கக் காத்திராமல், முன்கூட்டியே வகுத்த விதியின்படி கணிப்பொறியே எடுப்பதுதான் தானியங்கி ஒதுக்கீடு.

இங்கு ஒதுக்கீடு ஆளின் பெயருக்கன்று, பதவிக்குச் செய்யப்படுகிறது என்பது முக்கியம். அரசு அலுவலகங்களில் இது புதிய கருத்தல்ல. கடிதங்கள் என்றுமே பதவியின் பெயருக்குத்தான் எழுதப்படுகின்றன. ஷிப்டு மாறினாலும், ஊழியர் விடுப்பில் சென்றாலும், இடமாற்றம் பெற்றாலும் வேலை அனாதையாவதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இந்த நேரத்தில் அப்பதவியில் இருப்பவர் யார் என்னும் பட்டியல் நாள்தோறும் திருத்தப்பட வேண்டும். அது பழையதானால் புகார் மிக விரைவாக, ஆளில்லாத நாற்காலியைச் சென்றடையும்.

அதைவிடக் கடினமான சிக்கல் வேறொன்று. இடார்சியில் மின்விசிறி சரிசெய்யப்பட்டு, புகார் ‘தீர்ந்தது’ எனக் குறிக்கப்படுகிறது. ஆயினும் அந்தப் பெட்டியின் பராமரிப்புப் பொறுப்பு புனேயுடையது. பழுதின் காரணம் தேய்ந்துபோன கம்பி இணைப்பாக இருந்தால், அது அடுத்த பயணத்திலும் நேரும். எனவே ஒரே புகாரிலிருந்து இரண்டு பணிகள் பிறக்க வேண்டும்: ஓடும் இடத்தில் உடனடிச் சீரமைப்பு, சொந்த நிலையத்தில் காரணத்தைக் கண்டறிதல். முதற்பணியைக் கண்காணிப்பது எளிது. அதற்கு நிமிடக் கணக்கு உண்டு. இரண்டாவதுதான் பெரும்பாலும் நழுவக்கூடியது. முடித்த புகார்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திறமையை அளந்தால், விரைந்து மூடுவதே திறமையாகிவிடும். பயணி தம் நிறைவையோ நிறைவின்மையையோ பதிவு செய்ய இம்முறையில் வழி இருப்பது இதனால்தான் பயனுடையது.

மற்றொரு குறை முன்பதிவில்லாப் பயணியைப் பற்றியது. அவரது சீட்டின் எண்ணைக் கொண்டும் புகார் செய்யலாம். ஆனால் அவர் எந்தப் பெட்டியில் ஏறினார் என்பது சீட்டில் இராது. ரயிலையும் பெட்டியையும் அவரே கூற வேண்டும். நெரிசல் மிகுந்த, புகாருக்கு இடமும் மிகுந்த பொதுப் பெட்டியில்தான் விதிக்குத் தேவையான விவரம் குறைவாகக் கிடைக்கிறது. பெட்டியின் வெளிப்புறத்தில் எழுதப்பட்டுள்ள எண்ணை உள்ளேயும் கண்ணில் படும்படி எழுதுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளமும் இதே பாதையில் சென்றுள்ளது. 2007இல் தொடங்கிய அத்தளத்தில், குறையின் வகையைக் கொண்டு கடைநிலை அதிகாரிக்கே மனுவைத் தானாக அனுப்பும் ஏற்பாடு 2022ஆம் ஆண்டின் பத்து அம்சச் சீர்திருத்தத்தில் இடம்பெற்றது. 2024 ஆகஸ்ட் வழிகாட்டுதல்கள் தீர்வுக்கான கால வரம்பை 30 நாட்களிலிருந்து 21 நாட்களாகக் குறைத்தன. அங்கும் மனுதாரர் தவறான வகையைத் தெரிவு செய்தால், மனு தவறான அதிகாரியிடமே செல்லும். அவர் அதைத் திருப்பி அனுப்ப எடுத்துக்கொள்ளும் நாட்களும் அந்த 21க்குள் அடங்குபவையே.

ஜீலம் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் ஜம்முவிலிருந்து திரும்பிக் கோர்படியின் பள்ளப் பாதையில் நிற்கும் நேரம் சில மணிகளே. வழியில் எழுந்த புகார்கள் பெட்டி எண் வாரியாகப் பிரிக்கப்பட்டு, பெட்டிகள் வருமுன்னரே அந்தந்தப் பிரிவு மேற்பார்வையாளரின் கையில் இருந்தால், எந்தக் கம்பி இணைப்பை முதலில் அவிழ்த்துப் பார்ப்பது என்று ஊழியர் தேடிக்கொண்டிருக்க நேராது.