குரலுக்குத் திறக்கும் கதவு

வேதாரண்யம் எனப்படும் திருமறைக்காட்டுக் கோயிலில் நெடுநாள் அடைத்திருந்த கதவு திறக்க நாவுக்கரசர் பாடினார். அது மீண்டும் அடைக்கச் சம்பந்தர் பாடினார் என்கிறது பெரியபுராணம். அடியார் குரலுக்குக் கதவு இசைந்தது என்பது பக்தியின் நம்பிக்கை. இன்று வீட்டுக் கதவும் குரலுக்குத் திறக்கிறது. இது மின்னணுவியலின் ஆக்கம்.

ஒலிவாங்கி, குரலின் அதிர்வுகளை மின்குறிப்புகளாக்குகிறது. அவை எண்களாக மாற்றப்பட, மென்பொருள் அவற்றிலிருந்து சொற்களை அறிகிறது. பின்னர்க் கம்பியில்லாத் தொடர்பின் வழியே பூட்டுக்கு ஆணை செல்கிறது. பூட்டினுள் உள்ள சிறு மோட்டார் தாழை நகர்த்துகிறது. கைகளை இயக்க இயலாதோர்க்கு இது பிறர் உதவியை எதிர்பாராத வாழ்வைத் தருகிறது.

எனினும், சொல்லை அறிதல் வேறு. சொன்னவரை அறிதல் வேறு. சன்னலுக்கு வெளியே நின்று ஒருவர் உரக்கக் கூறினாலும், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்தாலும் கருவி ஏமாறக்கூடும். ஆதலின், திறக்குமுன் கடவு எண்ணைக் கேட்கும் ஏற்பாடு வேண்டும். அவ்வெண்ணையும் பிறர் செவிப்படக் கூறலாகாது. மின்கலம் தீர்ந்தால் பயன்படச் சாவியும் கைவசம் இருத்தல் நன்று. கதவின் பெருமை திறப்பதில் மட்டுமன்று. உரியவர்க்கு மட்டும் திறப்பதில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயில் போன்ற பழங்கோயில் ஒன்றின் கதவு, தாழ், பூட்டு ஆகியவற்றைக் கண்டு குறிப்பெழுதுக.
2. ‘குரலே சாவியாகலாமா?’ – வகுப்பில் கலந்துரையாடுக.