கனலிற் பிடிவிடாத மரையாணிகள்

பெருந்தேர் வீதியில் உலா வருங்கால், காண்போர் அதன் அலங்காரத்தை நோக்குவரேயன்றிச் சக்கரத்தைக் கழலவொட்டாமற் காக்கும் கடையாணியை நோக்குவதில்லை. இயந்திர சாலைகளிலும் நிலைமை இதுவே. மின்சார நிலையங்களில் நீராவியாற் சுழலும் டர்பைன், மேற்பாதி கீழ்ப்பாதியென இரு கூறாக வார்க்கப்பட்ட ஓர் உறையினுள் அமைந்துள்ளது. அவ்விரு கூறுகளையும் ஒன்றாய்ப் பூட்டி நிற்பன மரையாணிகளே. உள்ளே பாயும் நீராவியோ பல நிலையங்களில் 540 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணமும், வளிமண்டலத்தினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் உடையது. ஆணிகள் தளருமாயின் மூட்டு வாய் திறக்கும். கண்ணுக்குப் புலப்படாத அவ்வாவி அருகில் நிற்போரை நொடியில் மாய்க்கவல்லது. ஆதலின், இவ்வாணிகளை எவ்வுலோகத்தாற் செய்வது என்பது உயிர்களைப் பற்றிய வினாவாகும்.

முதற்கண், மரையாணி எங்ஙனம் பூட்டுகின்றது என்பதை ஆராய்வோம். நட்டை முறுக்க முறுக்க ஆணி சிறிது நீளுகின்றது. நீண்ட ஆணி, இழுக்கப்பட்ட சுருள்வில்லைப் போலத் தன் பழைய நீளத்திற்கு மீள முயல்கின்றது. அம்முயற்சியே இரு கூறுகளையும் நெருக்கிப் பிடிக்கும் விசையாகின்றது. இந்நீட்சி எவ்வளவு? 500 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகாணி ஒன்றைச் சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுவிசை உண்டாகுமாறு இறுக்கினால், அது நீள்வது ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. அவ்வளவு பெரிய உறையின் காவல் முழுதும் இவ்வரை மில்லிமீட்டரில் அடங்கியுள்ளது. இதனை வாசகர் மனத்தில் இருத்துவாராக. பின்வருவன யாவும் இதனின்று பிறப்பனவே.

எஃகு உருகுவதற்கு 1,400 டிகிரிக்கு மேற்பட்ட வெம்மை வேண்டும். அங்ஙனமாயின் 540 டிகிரிக்கு அஞ்சுவது ஏன் எனின், உருகுதற்கு நெடுமுன்னரே உலோகத்தின் அணுக்கள் இடம் பெயரத் தொடங்குகின்றன. ஓயாத இழுவிசைக்கு உட்பட்ட உலோகம், அவ்வெம்மையில், மீளாவண்ணம் மெல்ல மெல்ல நீளுகின்றது. இதனை ‘ஊர்தல்’ எனலாம். பூட்டப்பட்ட ஆணியின் மொத்த நீளம் மாறுவதில்லை. ஆயினும் அதன் மீளும் நீட்சி சிறிது சிறிதாக மீளா நீட்சியாகிவிடுகின்றது. அரை மில்லிமீட்டரிற் கால் மில்லிமீட்டர் இவ்வாறு மாறினால், பிடியிற் பாதி போயிற்று. ஆணி ஒடியவில்லை, நட்டுக் கழலவில்லை, புறத்தே யாதொரு வேறுபாடுமில்லை, பிடி மட்டும் குறைந்துவிட்டது. இதுவே இக்கேட்டின் கொடுமை.

இதனைத் தடுக்கவே எஃகிற் பிற உலோகங்களைக் கலக்கின்றனர். குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்த எஃகாணிகள் ஏறக்குறைய 450 டிகிரி வரையிலும், அவற்றோடு வனேடியமும் சேர்ந்தவை ஏறக்குறைய 540 டிகிரி வரையிலும் பயன்படும். அதற்கப்பால் எஃகின் ஆற்றல் விரைவிற் குன்றுதலின், நிக்கலின் துணையை நாடுகின்றோம்.

நிக்கல் என்னும் பெயருக்கு ஒரு கதையுண்டு. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் செந்நிறத் தாது ஒன்றினின்று செம்பெடுக்க முயன்று தோற்று, குறும்புப் பேயொன்று தம்மை ஏய்த்ததாகக் கருதி, அதனைக் ‘குப்பர்நிக்கல்’ என வைதனர். 1751ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ஆக்ஸல் பிரடெரிக் கிரான்ஸ்டெட் என்பார் நிக்கலைத் தனி உலோகமெனக் கண்டார். வசைச்சொல்லே அதற்குப் பெயராய் நிலைத்தது. இரும்பு 912 டிகிரியில் தன் அணுவடுக்கை மாற்றிக்கொள்ளும்; நிக்கலோ தான் உருகும் 1,455 டிகிரி வரையிலும் ஒரே அடுக்கில் நிற்பது. அதனோடு ஐந்திலொரு பங்கு குரோமியம் சேர்ப்பின், மேற்பரப்பில் மெல்லிய ஆக்ஸைடுப் படலம் படிந்து, உள்ளுலோகத்தை எரியாமற் காக்கும். 1906இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் உரிமை பெற்ற நிக்குரோம் இத்தகையதே; மின்னடுப்பின் கம்பிச்சுருள் அதனாலாயது.

ஆயினும் வெம்மைக்கு எரியாதிருத்தல் வேறு, பளுவிற்கு நெகிழாதிருத்தல் வேறு. இரண்டாவது குணத்தை அளித்தவை டைட்டேனியமும் அலுமினியமும் ஆம். இவற்றைச் சிறிதளவு சேர்த்து, 1941ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ‘நைமோனிக் 80’ என்ற கலப்புலோகத்தை ஜெட் இயந்திரங்களின் டர்பைன் அலகுகளுக்காக ஆக்கினர். அதன் வழிவந்த ‘நைமோனிக் 80ஏ’ பின்னர் நீராவி டர்பைன்களின் ஆணியாகவும் பயன்பட்டது. அதனை 1,080 டிகிரியில் 8 மணி நேரம் காய்ச்சி ஆறவிட்டு, மீண்டும் 700 டிகிரியில் 16 மணி நேரம் வைத்தல் வழக்கம். இரண்டாங் காய்ச்சலில், நிக்கல் மூன்று பங்கும் அலுமினியமும் டைட்டேனியமும் சேர்ந்து ஒரு பங்குமான நுண்துகள்கள் உலோகமெங்கும் தோன்றுகின்றன. அவை ஒரு மில்லிமீட்டரின் லட்சத்திலொரு பங்கு போன்ற நுண்மையுடையன. எனினும் வழுக்கியோட முயலும் அணு வரிசைகளை மறித்து நின்று ஊர்தலை அடக்குகின்றன. 1962இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் உரிமை பெற்ற ‘இன்கோனல் 718’இல் நையோபியம் இத்தொழிலை முதன்மையாகச் செய்கின்றது, அஃது ஏறக்குறைய 650 டிகிரி வரை உறுதி குன்றாதது.

நிற்க. விலையுயர்ந்த உலோகத்தை வாங்கிவிட்டமையாற் கவலை ஒழிந்தது என எண்ணற்க. முதலாவது, ஆணியும் உறையும் வெம்மையில் ஒத்து விரிதல் வேண்டும். டர்பைன் உறைகளுக்குரிய சாதாரணக் கலப்பெஃகும் நைமோனிக் 80ஏயும் பெரிதும் ஒத்தே விரிவன. துருப்பிடியாத எஃகு வகையிற் சிலவோ, டிகிரி ஒன்றுக்குப் பத்து லட்சத்தில் 4 பங்கு போல மிகுதியாக விரியும். அத்தகைய உறை 500 டிகிரி வெம்மையேறினால், 500 மில்லிமீட்டர் நீளத்தில் வேறுபாடு ஒரு மில்லிமீட்டராகும். நாம் கொடுத்த நீட்சியோ அரை மில்லிமீட்டரே. ஆணி அளவுக்கு மிஞ்சி இழுபடும். இரண்டாவது, நிக்கல் மரைகள் ஒன்றோடொன்று உரசிப் பற்றிக்கொள்ளும் இயல்பின. அதனால் மசகு வேண்டும். அம்மசகிற் கந்தகம் இருத்தலாகாது. நிக்கலும் கந்தகமும் சேர்ந்து ஏறக்குறைய 640 டிகிரியிலேயே உருகும் கூட்டுப்பொருளாகி, உலோகத்தை அரிக்கும். மூன்றாவது, நைமோனிக் 80ஏ 500 டிகிரியை ஒட்டிய வெம்மையில் நெடுங்காலம் கிடப்பின், நிக்கல் குரோமிய அணுக்கள் ஓர் ஒழுங்கில் அமைந்து, ஆணி மிகச் சிறிது சுருங்கும். தளர்தற்கு மாறாக இங்கு இறுக்கம் மிகுகின்றது. மிகுந்த இறுக்கத்தால் ஆணி ஒடிதலுங் கூடும்.

ஆகவே, அனுபவமுள்ள தொழிலாளர் இத்தகைய பெரிய ஆணிகளைக் கைவலிமையை நம்பி முறுக்குவதில்லை. ஆணியின் நடுவே துளையிட்டு, அதனுள் மின்சாரச் சூட்டுக்கோலைச் செலுத்தி, ஆணி நீண்டபின் நட்டைக் குறித்த அளவு திருப்பி ஆறவிடுகின்றனர். ஆறியதும் நீட்சியை மைக்ரோமீட்டரால் அளக்கின்றனர். இயந்திரத்தைப் பழுது பார்க்குங் காலங்களில் ஒவ்வோர் ஆணியின் நீளத்தையும் மீண்டும் அளந்து, முன்னைய அளவோடு ஒப்பிட்டு, மீளாது நீண்டவற்றை விலக்குகின்றனர்.

இவற்றால் அறியக்கிடப்பது யாதெனின், ஆணியின் வலிமை அதன் பருமையிலோ விலையிலோ இல்லை. தனக்கு அளிக்கப்பட்ட அரை மில்லிமீட்டரைப் பல்லாண்டு இழவாது காத்தலிலேயே உள்ளது. இயந்திரத் தொழிலை மேற்கொள்ளும் மாணவர், ஆணி ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன், அது தாங்கும் வெம்மை யாது, அதனோடு சேரும் உலோகம் யாது, எத்துணைக் காலம் நிற்றல் வேண்டும் என்னும் மூன்றையும் வினவுவாராக. எண்ணும் அளவுகோலும் இங்கு உயிர்க்காவல் ஆகும்.