உட்கார்ந்த உழைப்பும் பித்தக்கல்லும்

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி

சென்ற ஆண்டு என் ஆச்சிக்குப் பித்தக்கல் கண்டு, பித்தப்பையையே அகற்றினார்கள். "ஓயாம வேலை செய்தவளுக்கா இந்தச் சீக்கு?" என்று உறவினர் வியந்தனர். திருநெல்வேலி மாவட்டத்தில் எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர் ஆச்சி. ஓயாத வேலைதான்; ஆனால் மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தபடியே செய்த வேலை. உறவினரின் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து அடர்த்தியாக்கி, கொழுப்புணவு குடலை அடைந்ததும் சுருங்கி வெளியேற்றுவது பித்தப்பை. பித்தநீரில் கொலஸ்டிரால் மிகுந்து, பையும் மந்தமாகச் சுருங்கினால், தேங்கிய நீரில் படிகங்கள் தோன்றிக் கல்லாக வளரும். ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்டிராலைக் கூட்டுகிறது. கருவுற்ற காலத்தில் பெருகும் புரோஜெஸ்டிரோன் பையைத் தளர்த்துகிறது. எனவே பெண்களுக்கு இந்நோய் மிகுதி. வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும்.

வயதை மாற்ற இயலாது. மாற்றக்கூடியது ஏதேனும் உண்டா? அமெரிக்கச் செவிலியரிடையே நடந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. 1986இல் 40 முதல் 65 வயதினரான 60,290 பெண்களைப் பத்தாண்டுகள் கவனித்தனர். 3,257 பேருக்குப் பித்தப்பை அகற்றப்பட்டது. வாரத்தில் இரண்டு மூன்று மணி நேர உடற்பயிற்சியால் அவ்வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறையக்கூடும் என்று 1999இல் வெளியான முடிவு கூறிற்று. உடற்பருமனைக் கணக்கில் கொண்ட பின்னும் இப்பயன் நின்றது. பணியிலும் கார் ஓட்டுவதிலும் வாரத்தில் 60 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தவர்க்கோ, 6 மணி நேரத்துக்குக் குறைவாக உட்கார்ந்தவரைவிட வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல்!

அச்செவிலியர் வாழ்வு வேறு, ஆச்சியின் வாழ்வு வேறு. ஒருவரின் நோய்க்கு இதுவே காரணம் என்று அறுதியிட இயலாது. ஆயினும் என் அம்மாவும் பீடி சுற்றுகிறார். நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், கணக்கிட்டேன், 60. உழைப்பு வேறு, உடலசைவு வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவர முன்பு தம்பி சைக்கிளில் போவான். இப்பொழுது அம்மாவும் நானும் நடந்து போகிறோம். போக வர அரை மணி நேரம். வாரத்துக்கு மூன்று மணி நேரம். "அம்பது பீடி குறையுமே" என்று முதலில் தயங்கிய அம்மா, இன்று எனக்கு முன்னே செருப்பை மாட்டுகிறார்.

வலி வந்தபின் நடை மருந்தாகாது. மருத்துவரிடமே செல்ல வேண்டும். வருமுன் காப்பதற்கு நடை உதவும். தோழர்களே, தோழியரே! உங்கள் வீட்டிலும் உட்கார்ந்தே உழைப்பவர் இருக்கலாம். அவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தை ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்.