மின்வாரியம் கம்பெனியானபோது: கர்நாடகம் தரும் பாடம்

பெங்களூரில் அல்சூர்ப் பகுதி மக்கள் 2025 ஏப்ரல் முதல் யூனிட் ஒன்றுக்கு 36 காசு கூடுதல் மின்கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. மின்துறை ஊழியரின் ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றுக்காக விதிக்கப்பட்டது இது. இவர்களுக்கு மின்சாரம் விற்பது பொறுப்பு வரையறுக்கப்பட்ட ஒரு கம்பெனியாகும். அவ்வாறிருக்க, பழைய வாரியக் காலத்துச் சுமை நுகர்வோரை வந்தடைந்தது எவ்வாறு? இதற்கு விடை காண, சட்டபூர்வக் கழகம் ஒன்று கம்பெனியாக மாறும் முறையை அறிதல் வேண்டும்.

இருவகை அமைப்புகள்

சட்டபூர்வக் கழகம் தனிச் சட்டத்தின் வாயிலாகத் தோன்றுவது. அதன் அதிகாரங்களும் கடமைகளும் அச்சட்டத்திலேயே அடங்கியுள்ளன. 1948ஆம் ஆண்டின் மின்சார (வழங்கல்) சட்டத்தின் கீழ் 1957இல் அமைந்த மைசூர் மாநில மின்வாரியம் இவ்வகையினது. அதுவே பின்னர் கர்நாடக மின்வாரியம் எனப் பெயர் பெற்றது. அதற்குப் பங்குதாரர் இல்லை. மாநில அரசு அளித்த கடன் அதன் முதலீட்டில் முக்கிய இடம் பெற்றிருந்தது.

கம்பெனியோ கம்பெனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறுவது. அதற்குப் பங்கு மூலதனம் உண்டு. பங்குதாரர் தாம் எடுத்த பங்குகளுக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கு மட்டுமே பொறுப்பாவார். அரசே முழுப் பங்குதாரராயினும் இவ்விதி பொருந்தும்.

மாற்றத்தின் படிகள்

சட்டத்தால் தோன்றிய கழகம் தானே தீர்மானம் இயற்றிக் கம்பெனியாக மாறிவிட இயலாது. முதலாவதாக, அதற்குரிய சட்டம் இயற்றப்பட வேண்டும். இரண்டாவதாக, புதிய கம்பெனி பதிவு செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, குறித்த நாளில் சொத்துக்கள், கடன்கள், ஒப்பந்தங்கள், ஊழியர் அனைத்தும் அதற்கு மாற்றப்பட வேண்டும். இந்தியத் தொழில் நிதிக் கழகம் 1993இலும், எண்ணெய் மற்றும் இயற்கை வாயு ஆணையம் 1994இலும் இவ்வாறே கம்பெனிகளாயின. மூலதனச் சந்தையில் நிதி திரட்டும் வாய்ப்பு இம்மாற்றங்களால் கிடைத்தது.

கர்நாடகத்தில் மின்சாரச் சீர்திருத்தச் சட்டம் 1999 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் மின் அனுப்பீடும் விநியோகமும் கர்நாடக மின் அனுப்பீட்டுக் கம்பெனியின் பொறுப்பாயின. 2002 ஜூன் 1 அன்று விநியோகம் நான்கு கம்பெனிகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. அல்சூருக்கு மின்சாரம் தரும் 'பெஸ்காம்' அவற்றுள் ஒன்று. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் சென்றது.

பொறுப்பு எங்கே செல்கிறது?

மின்கம்பிகளையும் மின்மாற்றிகளையும் கணக்கிட்டு மதிப்பிடலாம். கடன்களையும் தொடக்க இருப்புநிலைக் குறிப்பில் பங்கிடலாம். ஆனால் வாரியத்தில் ஊழியர் ஆற்றிய பணிக்குரிய ஓய்வூதியம் பல பத்தாண்டுகளுக்கு நீளும் கடமையாகும். இதற்கென ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அரசும் தன் பங்கைச் செலுத்தும் என்பது ஏற்பாடு. பின்னர் அப்பங்கை மின்கட்டணத்தின் வழியே வசூலிக்க அரசு முடிவு செய்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. முடிவில், 2025 மார்ச்சில் ஆணையம் வசூலுக்கு அனுமதி அளித்தது.

இதனின்று பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பது பங்குதாரருக்குரிய பாதுகாப்பேயன்றி, கடனைக் கரைத்துவிடும் மருந்தன்று. பங்குதாரர் ஏற்காத சுமையைக் கடன் கொடுத்தோரோ, ஊழியரோ, நுகர்வோரோ ஏற்றாக வேண்டும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, வேறு விற்பனையாளரை நாட இயலாத சிறு நுகர்வோர் இச்சுமையிலிருந்து விலக வழியில்லை.

தமிழ்நாடு மின்வாரியமும் 2010 நவம்பர் 1 முதல் கம்பெனிகளாக மாற்றி அமைக்கப்பட்டது. இத்தகைய மாற்றத்தைத் திட்டமிடும் அதிகாரிகள் முன்கூட்டியே மூன்று வினாக்களுக்கு விடை காண்பது இன்றியமையாதது. மாற்ற நாளன்று நிலுவையிலுள்ள கடமைகள் யாவை? அவற்றை ஏற்பவர் யார்? ஏற்றவர் பின்னாளில் விலகிக்கொள்ளாதிருக்கச் சட்டத்தில் என்ன ஏற்பாடு உள்ளது? மூன்றாவது வினாவைத் தொடக்கத்தில் விட்டுவிட்டால், கால் நூற்றாண்டு கழித்து அதற்கு விடை மின்கட்டணச் சீட்டில்தான் கிடைக்கும்.